நான் டைப் அடிக்காமல் விட்ட இரண்டு பக்கம்

சான் ரமோன்,
ஜூன் 2001

கண்ணு,

இதைத் தமிழில் படிக்க நீ கொஞ்சம் திணறுவாய் என்று தெரியும். கோபியில் ஐந்தாவது வரை படித்தவன்தானே, எழுத்துக் கூட்டியாவது படி. இங்கிலீஷில் எழுதியிருக்கலாம், அதுதான் எனக்குச் சோறு போட்ட தொழில். ஆனால் இங்கிலீஷில் உட்கார்ந்தால் என் கை ஆபீஸ் கையாகிவிடும். எதையும் நறுவிசாக, யாருக்கும் உறுத்தாத மாதிரி எழுதி முடித்துவிடும். இந்தக் கடிதம் அப்படி ஆகிவிடக் கூடாது. நாலு நாளாக லஞ்ச் நேரத்தில், எங்கள் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற வாத்துக் குளத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வருகிற திங்கட்கிழமை காலை உன்னைக் கூட்டிப் போக, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற அந்த ரெக்ரூட்டரின் வண்டி வரும். அதற்கு முன்னால் இதையும், இதோடு பின் பண்ணியிருக்கிற இரண்டு பக்கத்தையும் நீ படித்துவிட வேண்டும். முதலில் கடிதம், அப்புறம் அந்தப் பக்கங்கள். மாற்றிப் படிக்காதே.

ஏப்ரலில் நீ அதைச் சொன்ன சாயந்திரம் அப்பா தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "நேவில சேர்ந்துட்டேன். ஐ ஆல்ரெடி சைன்ட்" என்றாய், ஏதோ லைப்ரரி கார்டு வாங்கின மாதிரி. சான்டா கிளாராவில் உன் கம்பெனியை இழுத்து மூடி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்பா தட்டிலேயே கையை உதறினார். "வேல போனா இன்னொரு வேல. அதுக்குப் பட்டாளமா? என்ற பையன் எவனுக்கோ சண்டை போட்டுச் சாகோணுமா?" என்று எழுந்து போனவர்தான், இன்றுவரை உன்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. "கார் இன்சூரன்ஸக் கேன்சல் பண்ணச் சொல்லிப்போடு அவங்கிட்ட" என்று என் வழியாகத்தான் எல்லாம். நான் மட்டும் "ஏங்கண்ணு?" என்று கேட்டேன். நீ ரூமுக்குள் போய் நீல அட்டை போட்ட அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து வந்தாய். லெஸ்டர் அங்கிள் தன் கப்பலைப் பற்றிச் சொல்லி, நான் டைப் அடித்துக் கொடுத்த புத்தகம். கடைசிப் பக்கத்தைத் திருப்பி வாய்விட்டுப் படித்தாய். எத்தனை தடவை கரைக்குப் போனோமோ அத்தனை தடவையும் எங்களை நம்பிப் படகில் ஏறியவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கினோம், என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அதுதான் என்று முடியும். படித்துவிட்டு, "எனக்கும் ஒருநாள் இப்படிச் சொல்லணும்மா. ஜஸ்ட் ஒன்ஸ். நாய் பிஸ்கட் விக்கற வெப்சைட் பண்ணினேன், அதுவும் மூடியாச்சு. வாட் டூ ஐ ஸே அபவுட் தட்?" என்றாய்.

கண்ணு, அந்தக் கடைசி இரண்டு வரி லெஸ்டர் அங்கிள் சொன்னதில்லை. நான் எழுதியது. அவர் சொன்னதை எடுத்துவிட்டு நான் வைத்தது. அன்றைக்கே, அந்த மேஜையிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ரசத்தைச் சூடு பண்ணப் போனேன். அப்பா எப்படியும் தடுத்துவிடுவார், நான் வாயைத் திறக்க வேண்டி வராது என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் எதற்கு.

நான் எப்பேர்ப்பட்ட ஸ்டெனோ என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள உனக்குச் சந்தர்ப்பமும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஈரோட்டில் ஒரு கவர்மெண்ட் ஆபீசில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் ஹையர், இரண்டும் முதல் வகுப்பு. எங்கள் ஆபீசர் வாய்க்கு வந்ததைக் கத்திவிட்டு, "நான் சொன்னத எழுதாதம்மா, நான் சொல்லியிருக்க வேண்டியத எழுது" என்பார். அவர் மேலதிகாரியை மடையன் என்று திட்டினால் என் டைப்பில் அது "தங்கள் மேலான கவனத்துக்கு" என்று ஆகிவிடும். அதற்காகவே என்னை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அதை நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் அதே கதைதான். இங்கே வந்த இரண்டாம் வருஷம் அப்பாவுக்கு லேஆஃப் ஆகி, விசா என்ன ஆகுமோ என்று நாம் பெட்டியைப் பாதி கட்டி வைத்திருந்த சமயம், கோபிக்கு நான் "இவருக்கு இங்கே நல்ல பெயர், சீக்கிரம் புரமோஷன் வரும்" என்று எழுதினேன். தோள்பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, தட்ஸ் நாட் ட்ரூ" என்றாய். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. "லெட்டர்ல அப்படித்தான் சாமி எழுதோணும், நல்லபடியா முடிக்கோணும்" என்று உனக்கு நான்தான் பாடம் எடுத்தேன்.

லெஸ்டர் அங்கிள் நம் அபார்ட்மெண்டில் கீழ்வீட்டில் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன, மகள் டெக்சஸில். கை நடுங்கும், கண்ணும் சரியில்லை. அவர் கப்பலில் வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஒருதடவை கூடப் போகிறார்கள், ஆளாளுக்கு நினைவில் இருப்பதை எழுதி எடுத்து வர வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. மெயில்பாக்ஸ் பக்கத்தில் நின்று என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். "நீங்க சொல்லுங்க அங்கிள், நான் எழுதறேன்" என்று நானாகத்தான் போய் மாட்டிக்கொண்டேன். எனக்கு அப்போது வேலை செய்ய விசா கிடையாது. அப்பா விசாவில் தொங்கிக்கொண்டு வந்த லக்கேஜ் நான். வேலையில்லாமல் பெஞ்சில் போட்ட ஸ்டெனோவிடம் ஒருவர் டிக்டேஷன் கொடுக்கிறேன் என்றால் விடுவாளா? இந்தியன் கடையில் கொடுத்த காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு நோட்டாகத் தைத்து, பென்சில் சீவிக்கொண்டு மறுநாளே போய்விட்டேன். நீ ஹைஸ்கூலில் இருந்தாய், சாக்கர் சாக்கர் என்று திரிந்தாய். நாங்கள் என்ன செய்கிறோம் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

வாரத்துக்கு மூன்று காலை. அட்டாக் ட்ரான்ஸ்போர்ட் என்று அவர் சொன்னதும் பெரிய பீரங்கிக் கப்பல் என்று நினைத்தேன். சிரித்தார். "அதெல்லாம் இல்ல. நாங்க பஸ்" என்றார். சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு, சண்டை நடக்கிற தீவுக்கு எதிரே போய் நிற்கிற கப்பல். கப்பலின் இரண்டு பக்கமும் சின்னப் படகுகள் தொங்கும். சிப்பாய்கள் முதுகுமூட்டையோடு கயிற்று வலையைப் பிடித்து அந்தப் படகுகளில் இறங்குவார்கள். படகு பிளைவுட்டில் செய்தது. முன்பக்கம் மட்டும் இரும்புக் கதவு, லாரியின் பின்கதவு மாதிரி கீழே விழும். படகைக் கரையில் முட்டி, கதவைத் திறந்து, ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பும்போது அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு கப்பலுக்கு வர வேண்டும். அப்படி ஒரு படகை ஓட்டியவர் அவர். இரண்டாம் உலக யுத்தம், அவருக்குப் பத்தொன்பது வயது. ஏதோ ஒரு ஜில்லாவின் பெயரைக் கப்பலுக்கு வைத்திருந்தார்கள், கப்பலில் இருந்த ஒருவனும் அந்த ஊரைப் பார்த்ததில்லை என்பார். சமையல்காரன் ரொட்டி சுடுகிற வாசனை, கீழ்த்தட்டில் அடுக்கடுக்காகக் கட்டின கான்வாஸ் கட்டில், மேல்கட்டில்காரன் வாந்தி எடுத்தால் கீழே இருப்பவன் கதி, எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அதெல்லாம் அவர் சொன்னது சொன்னபடிதான். அதில் நான் கை வைக்கவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள், டோஸ்ட்டைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார். அன்றைக்கு அது அவருக்கு நாலாவது நடை. கரைக்கு ரொம்ப முன்னாலேயே படகு பாறைத்திட்டில் தட்டி நின்றுவிட்டது. சுற்றிலும் குண்டு விழுகிறது. ஆழமில்லாத இடத்தில் தண்ணீர் பச்சையாக இருக்கும், ஆழத்தில் கருப்பாக இருக்கும். கதவுக்கு முன்னால் தண்ணீர் கருப்பாக இருந்ததை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கச் சொன்னார். முதல் வரிசையில் நின்ற ஒரு பையன் திரும்பி, "இங்கயேவா?" என்று கேட்டான். "இங்கதான், போ" என்றார். முதல் வரிசை போனது, அதன் பின்னால் அடுத்த வரிசை. முதுகில் அவ்வளவு கனம், ஒருவனும் மேலே வரவில்லை. மற்றவர்கள் கத்தி நின்றுவிட்டார்கள். கதவைத் தூக்கி, படகைப் பின்னால் எடுத்து, வேறு இடத்தில் மிச்சப் பேரை இறக்கினார். இஞ்சின்காரன் பின்னால் இருந்தான், கதவுக்காரன் குனிந்திருந்தான். தண்ணீரின் நிறத்தை அவர் ஒருவர்தான் பார்த்தார். படகு தட்டிவிட்டது, யார் என்ன செய்ய முடியும் என்று கப்பலில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். "அன்னிக்குச் சாயந்திரம் டின்ல அடைச்ச பீச் பழம் குடுத்தாங்க. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதையும் எழுது" என்றார். எழுதினேன். "இது கட்டாயம் வரணும். இதை அவங்ககிட்டச் சொல்லத்தான் மத்ததெல்லாம் சொன்னேன்" என்றார். அதையும் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து டைப் அடிக்க உட்கார்ந்தபோது வெள்ளிக்கிழமை. விளக்கேற்றி வைத்திருந்தேன். மற்றதெல்லாம் அடித்து முடித்து அந்த இடம் வந்ததும் கை ஓடவில்லை. வயசானவர்கள் இத்தனை வருஷம் கழித்துக் கூடுகிறார்கள், கேக் வெட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், அங்கே போய் இதையா வைப்பது? நம் ஊரில் விழா மலர் என்றால் கடைசிப் பக்கம் வாழ்த்துதானே? சாவில் முடிக்கிற மலரை யார் கையில் வாங்குவார்கள்? இந்த மனுஷனை எல்லோரும் ஒருமாதிரி பார்ப்பார்களே, இந்த வயசில் இவருக்கு இது தேவையா? இப்படியெல்லாம் நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அவர் சொல்லியிருக்க வேண்டியதை எழுதினேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த வரி நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அத்தோடு விட்டேனா? திங்கட்கிழமை, டைப் அடித்ததைப் படித்துக் காட்டச் சொன்னார். அவர் கண்ணுக்கு அந்த எழுத்துத் தெரியாது. டைப் அடித்த தாள்களை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். மடியில் ஷார்ட்ஹேண்ட் நோட்டு திறந்திருந்தது. அந்த இடம் வந்ததும் நோட்டைப் பார்த்து, கருப்புத் தண்ணீர், அந்தப் பையன் கேட்டது, டின் பீச் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி. எல்லாம் வந்துடுச்சு" என்றார். அவர் கையைத் தொட்டுவிட்டு வந்தேன். என்ன நெஞ்சழுத்தம் பார்.

கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர் வேறு ஆளாக இருந்தார். "எல்லாருக்கும் குடுத்தேன். எல்லாரும் படிச்சாங்க. ஒருத்தன்கூட என்னைத் திட்டல. என் இஞ்சின்காரன் கட்டிப் பிடிச்சான்" என்று என்னிடம் சொல்லும்போது அவர் கன்னமெல்லாம் தண்ணீர். அவர்கள் படித்தது எதை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அந்த முகம் என்ன ஆகும் என்றும் தெரியும். "சந்தோஷம் அங்கிள்" என்றேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை அப்பா நம் எல்லோரையும் கூட்டிக்கொண்டு 680 ஹைவேயில் பெனிசியா பாலத்தில் போனது உனக்கு நினைவிருக்கும். கீழே தண்ணீரில் பழைய போர்க்கப்பல்கள் வரிசையாகத் துருப்பிடித்து நிற்குமே, அதை லெஸ்டர் அங்கிள் பார்க்க ஆசைப்பட்டார். அவர் கப்பலை எப்போதோ உடைத்துவிட்டார்கள், ஆனால் இதே சாயல்தான் என்றார். பின் சீட்டிலிருந்து நீ, "வேர் யூ ஸ்கேர்ட்?" என்று கேட்டாய். அவர் முழுசாகத் திரும்பி, "உனக்குத்தான் புத்தகம் குடுத்தேனே, படிச்சியா?" என்றார். "யா, ஆல் ஆஃப் இட்" என்றாய். "படிச்சுட்டும் என்கூட உக்காந்து வர்ற" என்று உன் முழங்காலைத் தட்டினார். நீ சிரித்தாய். நீங்கள் இருவரும் வேறு வேறு புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள், நடுவில் நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் அவரை மகள் டெக்சஸுக்குக் கூட்டிப் போனாள், அங்கேயே தூக்கத்தில் போய்விட்டார். நிம்மதியாகப் போனார் என்றாள். அந்த நிம்மதி நான் சொன்ன பொய்யில் வந்தது. அது தப்பா, புண்ணியமா என்று இத்தனை வருஷமாக எனக்குத் தீரவில்லை. ஆனால் அதே பொய்தான் உன்னை ரெக்ரூட்டர் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வாரம் கராஜில் பெட்டிகளை இறக்கி அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். இந்த வீட்டில் மட்டுமல்ல, இந்த ஊரிலேயே அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பின் பண்ணியிருக்கிற இரண்டு பக்கமும் அதிலிருந்து எடுத்தது, இங்கிலீஷில், அவர் வார்த்தையிலேயே. பென்சில் கலைந்துபோய் இரண்டு இடத்தில் படிக்க முடியவில்லை. அங்கே கோடு போட்டு விட்டிருக்கிறேன், நானாக எதையும் நிரப்பவில்லை. முதலில் அப்பாவுக்குத்தான் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பெரிய மனுசன் நிம்மதியாப் போனாரல்ல, உடு" என்றார். அப்புறம், "பையங்கிட்டக் குடுத்துப்போடு. ஆனா குடுத்தாலும் அவன் போவான்" என்றார். உன்னைப் பற்றிப் பேசி அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். போவதற்குள் நீயாகப் போய் அவர் பக்கத்தில் உட்கார். அவர் பேச மாட்டார். நீயும் பேச வேண்டாம், சும்மா உட்கார்.

உன்னைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேனா என்று கேட்பாய். பாதி அதற்குத்தான், மறைக்கவில்லை. மீதிப் பாதி, நீ போவதாக இருந்தால் உள்ளதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காக. உன் ரெக்ரூட்டர் இங்கே வந்து நம் சோபாவில் உட்கார்ந்து, "இப்ப எங்கம்மா சண்டை?" என்று கேட்டுவிட்டுக் காபி குடித்தார். இருக்கட்டும், சண்டையே வராமல் போகட்டும். ஆனால் என்றைக்காவது ஒரு கதவு உன் பொறுப்பில் இருக்கும். யாராவது உன்னைத் திரும்பிப் பார்த்து, இங்கேயேவா என்று கேட்பான். அப்போது உன் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை அவனிடம் சொல். உனக்கு எவ்வளவு பயமாக இருந்தாலும் சொல். அப்படிச் சொல்ல முடியாமல் போய்விட்டால், ஐம்பது வருஷம் காத்திருக்காதே, வீட்டுக்கு எழுது. அம்மா தாங்க மாட்டாள் என்று எதையும் வெட்டாதே. நான் தாங்குவேனா என்பது என் பாடு. எழுதுவது உன் வேலை.

திங்கட்கிழமை காலை நான் எலுமிச்சம்பழச் சாதம் கட்டித் தருவேன். திருநீறு வைத்துவிடுவேன். அந்த ரெக்ரூட்டரிடம் வானிலையைப் பற்றிக்கூடப் பேசுவேன். வண்டி திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று சிரித்துக் கையாட்டுவேன், பழக்கம் அப்படி. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அம்மா தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு போகாதே. எனக்கு உடம்பெல்லாம் பயமாக இருக்கிறது. எனக்கு நீ போக வேண்டாம், கண்ணு.

அம்மா